தாம்பரமும் பாரிசும்: பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா

செங்கற்பட்டிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி பொத்தேரியை விட்டு நகர்ந்தால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் எனச் சிற்றூர்ப் பெயர்களைத் தாங்கிய நிலையங்களைக் கடந்து தாம்பரத்தை அடையும். அப்பெயர்களுக்குரிய சிற்றூர்கள் இன்று அடுக்குமாடிக் கட்டடங்களுள் மறைந்துவிட்டன. பொத்தேரி என்றதும் இன்றைய இளைஞர்க்கு ஆயிரக்கணக்கான மாணவர் இறங்கும் நடைமேடையே நினைவுக்கு வரும். ஆயின் இத்தடத்தில் உயர்கல்வி பெரிய அளவில் கால்கொண்டது 1937-இல்தான். சென்னைக் கோட்டைக்கு வடக்கே, வணிக நெரிசலுக்கு நடுவே இயங்கிவந்த கிறித்தவக் கல்லூரி அவ்வாண்டில் தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் உலகக் கிறித்தவத் திருப்பணி அவையின் மாநாடு அங்கே கூடியதால், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலகச் சமய வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. அக்கல்லூரிக்கு 1940-இல் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்த முப்பது வயதினர் ஒருவர் பின்னாளில் ‘வளர்ச்சி’ என்னும் சொல்லுக்கு உலக அரங்கில் பொருள் தேடியவர். மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷய்யா என்பது அவர் பெயர்.

1910 ஏப்ரல் 18-ஆம் நாள் வேலூரில் பிறந்தார். தந்தையார் ஊரிசு கல்லூரியில் பணிபுரிந்தவர். மகனும் அங்கேயே பயின்று, பின்னர்ச் சென்னை இலயோலாக் கல்லூரிக்கு வந்தார். 1930-இல் கல்கத்தாவின் தூய பவுல் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. ஆறாண்டுகள் அங்கே இருந்தார். தாகூர் உயிரோடிருந்து எழுதிக்கொண்டும், சாந்திநிகேதனை அடுத்த சிறீநிகேதனில் ஊரக மறுமலர்ச்சிப் பணியை நடத்திக்கொண்டும் இருந்த வங்காளம் அது. பின்னாளில் இப்பொருளியலார் தம் முதன்மையான நூலொன்றுக்குத் தலைப்பைத் தாகூரின் பாடலிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதை நோக்க, அவ்வாறாண்டுகளின் பதிவு எளிதில் அழியவில்லை என்று தெரிகிறது. கல்கத்தாவுக்குப் பின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சு மன்னர் கல்லூரியிலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். பெரும் பொருளாதாரச் சரிவு உலகையே உலுக்கி முடித்திருந்த காலம் அது. அரசு எவ்வளவு செலவிடலாம், சந்தையை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றி அவ்விரு கல்விக்கூடங்களும் எதிரெதிர் நின்று வாதிட்டன. இரண்டிலும் அமர்ந்து கேட்டவர் எந்தக் கோட்பாட்டுக்கும் முழுவதும் அடிமையாகாமல் திரும்பியதில் வியப்பில்லை.

தாம்பரத்துக்கு அவர் வந்தபோது சென்னைப் பொருளியல் துறைக்குத் தனக்கென ஒரு மரபு இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் சிலேட்டர் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி, வீடுதோறும் நிலம், கடன், உணவு, தொழில் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். அவ்வாய்வுகள் 1918-இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள தூசியும் அதில் இடம்பெற்ற ஊர்கள். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்று கண்டதை 1940-இல் வெளியிட்டனர். ஆதிசேஷய்யா தாம்பரத்தில் பொறுப்பேற்ற ஆண்டும் அதுவே. ஏரியையும் கிணற்றையும் நம்பிய உழவும், பண்ணையாளும் குத்தகையாளருமாகப் பிரிந்து கிடந்த மக்களும் கல்லூரி வேலிக்கு வெளியிலேயே இருந்தனர். செங்கற்பட்டுச் சீமையின் மிராசு உரிமை பற்றிக் கும்பினி அதிகாரிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எழுதித் தள்ளிய தாள்களை அடுக்கினால் ஓர் ஏரிக்கரை எழும்பும். அத்தனை எழுத்துக்குப் பின்னும் உழுபவனுக்கு நிலம் இல்லை என்ற உண்மை அசையாமல் இருந்தது.

1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. அதில் இறந்தோர் தொகை முப்பது இலக்கம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. ஆறாண்டுகள் தாம் வாழ்ந்த நகரின் தெருக்களில் மக்கள் விழுந்து மடிந்த செய்தியைத் தாம்பரத்து வகுப்பறையில் இருந்துகொண்டு கேட்ட பொருளியல் ஆசிரியருக்குப் பாடநூல்களின் தேவை–வழங்கல் கோடுகள் எவ்வளவு ஆறுதல் அளித்திருக்கும்? 1946-இல் ஆசிரியப் பணியை விட்டு அவர் செனீவா சென்றார். போரில் சிதைந்த நாடுகளின் மாணவர்க்குத் துணைபுரிந்த பன்னாட்டு மாணவர் தொண்டு அமைப்பில் இரண்டாண்டுகள் பணியாற்றினார். 1948 திசம்பரில் பாரிசில் யுனெஸ்கோ நிறுவனத்தில் சேர்ந்தார்.

கவிஞர்கள் கூடும் இவ்வட்டத்தின் மலரில் ஒரு செய்தியைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஆதிசேஷய்யா சேர்ந்தபோது யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்தவர் ஒரு கவிஞர். மெக்சிகோவைச் சேர்ந்த ஐமே தோரெசு போதே என்பவர் அவர். தம் நாட்டின் புதுக்கவிதை இயக்கத்தில் முன்னணியில் நின்ற அவர், கல்வி அமைச்சராக இருந்த 1944-இல் எழுத்தறிந்த ஒவ்வொருவரும் எழுத்தறியாத ஒருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் நாடளாவிய இயக்கத்தைத் தொடங்கியவர். கவிதை எழுதுபவனுக்குப் படிப்பவர் தேவை என்ற எளிய உண்மையை அரசாணையாக மாற்றிய கவிஞர் உலகில் வேறு எவரேனும் உளரோ, ஐயமே. ஏழை நாடுகளின் கல்விக்குப் போதிய பணம் ஒதுக்க உறுப்பு நாடுகள் மறுத்தபோது 1952-இல் அவர் பதவியைத் துறந்து வெளியேறினார். வேலூர்ப் பொருளியலார் வெளியேறவில்லை. இருந்த சிறு தொகையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கணக்கிடுவதில் இறங்கினார். கவிஞரின் சினமும் பொருளியலாரின் பொறுமையும் ஒரே நோயைக் கண்டவர்களின் இருவேறு குணங்கள். எது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பது எளிதன்று. வெளியேறியவரைப் பற்றி நினைவு நிலைத்தது. தங்கியவரால் பள்ளிகள் எழுந்தன.

ஐக்கிய நாடுகள் அவையின் விரிவுபடுத்தப்பட்ட தொழில்நுட்ப உதவித் திட்டம் 1950-இல் தொடங்கியது. யுனெஸ்கோவில் அதற்கான துறையின் தலைமை ஆதிசேஷய்யாவிடம் வந்தது. வல்லுநரை அனுப்புதல், கருவி வழங்குதல், உள்ளூர் இளைஞரை வெளிநாட்டில் பயிற்றுவித்தல் என்பவை அதன் நடைமுறை. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1958-இல் தொடங்கப்பட்டபோது சோவியத்து நாட்டின் பங்களிப்பு யுனெஸ்கோ வழியாகவே வந்தது. 1960-இல் விடுதலை பெற்றதும் நிலைகுலைந்த காங்கோவுக்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைத் திரட்டி அனுப்பியதும் அந்நிறுவனமே. 1955-இல் துணைநிலை இயக்குநராகவும் 1963-இல் தலைமை இயக்குநருக்கு அடுத்த நிலையினராகவும் உயர்ந்த ஆதிசேஷய்யா, 1970 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் பொருளியலின் நடுக்கருத்து ஒன்றே. கல்விக்குச் செலவிடும் பணத்தை அக்காலத்து நிதியமைச்சர்கள் அறச்செலவாகவே எழுதினர். அணைக்கும் ஆலைக்கும் ஒதுக்குவது முதலீடு, பள்ளிக்கு ஒதுக்குவது தருமம் என்பது அவர்தம் கணக்கு. அமெரிக்கப் பொருளியலார் தியோடர் சூல்சு 1960-இல் மனித ஆற்றலில் இடுவதும் மூலதனமே என்று வாதிட்டு அக்கணக்கைக் கலைத்தார். அதே ஆண்டில் கராச்சியில் கூடிய ஆசிய நாடுகள் 1980-க்குள் ஏழாண்டுக் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியை எய்துவதென இலக்கு வகுத்தன. 1961-இல் அடிசு அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகளும் அவ்வாறே முடிவெடுத்தன. கோட்பாட்டை அரசுகளின் வரவு–செலவுத் திட்டத்துக்குள் நுழைக்கும் வேலை ஆதிசேஷய்யா போன்றோரின் தோளில் விழுந்தது. குறித்த ஆண்டு வந்தபோது பெரும்பாலான நாடுகளில் இலக்கு எட்டப்படவில்லை. எழுத்தறிவைத் தொழில் திறனோடு பிணைத்து யுனெஸ்கோ பதினொரு நாடுகளில் நடத்திய சோதனைத் திட்டமும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை; 1976-இல் அந்நிறுவனமே அதனை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. எழுத்தை உற்பத்திக் கருவியாக மட்டும் கண்டதில் இருந்த குறை அது. நிலமற்ற கூலியாள் உரப்பையின் மேலுள்ள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதால் அவர் கூலி ஏறிவிடாது. கற்பவர் தம் பெயரையும் தம் பாட்டையும் எழுத விரும்புவார் என்பதை வல்லுநர் குழுக்கள் மிகத் தாமதமாகவே உணர்ந்தன.

இங்கே தமிழகத்தை ஒப்புநோக்கின் சுவையான ஓர் உண்மை புலப்படும். பாரிசில் திட்டங்கள் வரையப்பட்ட அதே காலத்தில் சென்னையில் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்து, ஓராசிரியர் பள்ளிகளையும் மதிய உணவையும் ஊர்தோறும் கொண்டுசென்றனர். மனித மூலதனம் என்ற சொல் இங்கே எவர் வாயிலும் வரவில்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற அறிவே போதுமானதாக இருந்தது. கோட்பாட்டை எழுதியோர் ஒருபுறம், அதன் பெயரறியாமலே அதனைச் செய்து முடித்தோர் மறுபுறம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலியில் சுந்தரவடிவேலுவை அடுத்து 1975-இல் ஆதிசேஷய்யாவே அமர்ந்தார் என்பது காலம் செய்த பொருத்தம்.

தமிழுக்கும் அவர் பாரிசு வாழ்வுக்கும் உள்ள தொடர்பைத் தனியே கூறவேண்டும். 1964-இல் தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது தனிநாயக அடிகளாரின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966-இல் கோலாலம்பூரிலும் 1968-இல் சென்னையிலும் 1970-இல் பாரிசிலும் மாநாடுகள் நடந்தன. யுனெஸ்கோவின் ஆதரவோடு உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970-இல் சென்னையில் உருவாயிற்று. இவற்றுக்கிடையே 1967-இல் யுனெஸ்கோவின் திங்களிதழான கூரியர் தமிழில் வெளிவரத் தொடங்கியது. மணவை முஸ்தபா அதன் ஆசிரியராக நெடுங்காலம் உழைத்தார். அவ்வாண்டுகளில் யுனெஸ்கோவின் இரண்டாம் உயர்நாற்காலியில் இருந்தவர் ஆதிசேஷய்யா என்பதை இவ்விடத்து நினைத்தல் பொருந்தும்.

கூரியரின் தமிழ்ப் பதிப்பு செய்த பணி ஆரவாரமற்றது; ஆயின் ஆழமானது. கடலாய்வு, மரபணு, தொல்பொருள் காப்பு, மக்கள்தொகை எனத் திங்கள்தோறும் வந்து குவிந்த கட்டுரைகளை, குறித்த நாளில் அச்சேற வேண்டிய நெருக்கடியில், பிறமொழிச் சொல்லை அப்படியே விடாமல் தமிழாக்க வேண்டியிருந்தது. சொல்லாக்கம் அங்கே குழுக்கூட்டத்தின் தீர்மானமாக நிகழவில்லை. அச்சகத்தின் அவசரத்தில் நிகழ்ந்தது. மணவை முஸ்தபா பின்னர் வெளியிட்ட கலைச்சொல் அகராதிகளுக்கு அந்த அன்றாட உழைப்பே விளைநிலம். கவிஞர் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, 1954-இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் 1968-இல் நிறைவெய்தியதையும் உடன்வைத்து எண்ணினால், தமிழ் உரைநடை அறிவியலைச் சுமக்கப் பழகிய பதினைந்தாண்டுகள் அவை என்பது விளங்கும்.

1970-இல் ஆதிசேஷய்யாவின் ‘என் நாடு விழித்தெழட்டும்’ எனப் பொருள்படும் நூல் யுனெஸ்கோ வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. வளர்ச்சியில் மனிதனின் பங்கு என்பது அதன் பொருள். கல்வி, அறிவியல், பண்பாடு ஆகியவற்றை நாட்டு வருமானத்தின் விளைவாகக் காணாமல் அதன் காரணமாகவும் காணவேண்டும் என்பது அந்நூலின் வாதம். பதவி முடிந்ததும் பாரிசிலோ செனீவாவிலோ ஓய்வாக வாழ்ந்திருக்கலாம். அவரோ சென்னைக்குத் திரும்பி, மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து 1971-இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். திங்கள்தோறும் கருத்தரங்கும் அதனையொட்டிய செய்தியிதழும் நடந்தன. தமிழ்நாட்டின் நெல் விலை, நெசவு, மின்பற்றாக்குறை என்று அன்றன்றைய பொருள்கள் அங்கே ஆயப்பட்டன. 1977-இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழக அரசும் பொறுப்பேற்க, அது தேசிய அளவிலான நிறுவனமாயிற்று. தம் பெயரும் பொருளும் கொண்டு எழுப்பிய அமைப்பை இவ்வாறு பொதுவில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குதல் நம் நாட்டில் அரிது.

துணைவேந்தராக இருந்த மூன்றாண்டுகள் நெருக்கடி நிலைக் காலத்தை உள்ளடக்கியவை. அவற்றைக் கல்விச் சீர்திருத்தத்தின் வரலாறாக மட்டும் எழுதுவது முழுமையாகாது. எனினும் 1978-இல் கிறித்தவக் கல்லூரி, இலயோலா முதலியவை தன்னாட்சி பெற்றதற்கான எண்ணம் முதிர்ந்தது அக்காலத்தில்தான். மேனிலைக் கல்வி பற்றிய தேசிய மறுஆய்வுக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். தொழிற்கல்வியைப் பள்ளியிறுதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று அக்குழு 1978-இல் பரிந்துரைத்தது. புகுமுக வகுப்பு மறைந்து மேனிலை வகுப்புகள் தமிழகப் பள்ளிகளில் தொடங்கியதும் அவ்வாண்டே. தொழிற்பிரிவுகள் பள்ளிகளில் வந்தன. ஆயின் பெற்றோரின் மதிப்பில் அவை எந்நாளும் இரண்டாம் இடத்திலேயே நின்றன. கைவினையைத் தாழ்வாக எண்ணும் சாதிச் சமூகத்தில் பாடத்திட்டம் மட்டும் என்ன செய்யும்? 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராகவும் இருந்தார். நாட்டின் பொருளாதார நிலையை ஆண்டின் நடுவில் ஆய்ந்துரைக்கும் அவர் உரைகள் தில்லி இந்திய பன்னாட்டு மையத்தில் தொடர்ந்து நடந்தன.

நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பு 1978-இல் சி. டி. குரியனிடம் சென்றது. அவரும் தாம்பரத்துக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தவரே. 1981-இல் அவர் வெளியிட்ட நூல் 1950 முதல் 1975 வரையிலான தமிழக ஊரக மாற்றத்தை ஆய்கிறது. விளைச்சல் பெருகியும் நிலமற்றோர் வாழ்வு உயரவில்லை என்பதை அது எண்களால் நிறுவுகிறது. வளர்ச்சி யாருக்கு என்ற வினாவை ஆசானைவிடக் கூர்மையாகக் கேட்டவர் குரியன் எனலாம். ஆதிசேஷய்யாவின் எழுத்தில் அரசுகளும் அமைச்சர்களும் கேட்பவர்களாக அமர்ந்திருப்பர். குரியனின் எழுத்தில் கூலிக்காரரும் உடைமையாளரும் எதிரெதிரே நிற்பர். அந்நிறுவனத்தின் எஸ். குகன் 1980-களில் சிலேட்டரின் பழைய ஊர்களாகிய இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் மீண்டும் ஆய்வுக்குச் சென்றார். இருவேல்பட்டு ஆய்வில் உடன் சென்றவர் செங்கற்பட்டு மாவட்டச் சிற்றூர்களில் முன்னரே நெடுநாள் தங்கி ஆய்ந்த மானிடவியலார் சோன் மென்சர். தூசி முதலிய ஊர்கள் மூன்று தலைமுறை ஆய்வாளரைக் கண்டுவிட்டன. அவ்வூரார் அவ்வாய்வுகளுள் ஒன்றையேனும் தம் மொழியில் படித்தனரா என்பதே கேள்வி.

குறை அங்கேதான் இருக்கிறது. கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960-இல் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. பொருளியல் பாடநூல்களும் தமிழில் வந்தன. ஆயின் பாடநூல் வேறு, ஆய்வு வேறு. தமிழ்நாட்டின் நிலத்தையும் கூலியையும் பசியையும் பற்றி மிகச் சிறந்த ஆய்வுகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு, ஆங்கிலம் அறிந்தோரிடையே விவாதிக்கப்பட்டு, அடுக்குகளில் அமைந்தன. உலக மக்களின் எழுத்தறிவுக்காக இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர் நிறுவிய கூடத்துக்கும் இது பொருந்தும். உலக அரங்கின் மொழியில் பேசியாக வேண்டிய தேவை அவருக்கு இருந்தது என்பது விளக்கமாகலாம், முழு விடையாகாது. சிறந்த தமிழ் உரைநடையாளரும் கவிஞரும் இருந்த நகரில் அவர்களை அழைத்து ஓர் ஊராய்வையேனும் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால், கூரியர் இதழ் உருவாக்கிய சொற்களுக்கு உள்ளூர் மண்ணில் வேர் பிடித்திருக்கும். அப்பொறுப்பு பொருளியலாருடையது மட்டுமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடையாற்றின் கதவைத் தமிழ் எழுத்தாளர் எத்தனை பேர் தட்டினர்?

ஆதிசேஷய்யா 1994 நவம்பர் 21-இல் மறைந்தார். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் தமிழக மாவட்டங்களில் பரவியது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். பாட்டும் தெருநாடகமும் அவ்வியக்கத்தின் பாடநூல்களாயின. இம்முறை கவிஞர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். 1951-இல் நாட்டு மக்களில் 18.33 விழுக்காட்டினரே எழுத்தறிந்திருந்தனர். 1991-இல் அது 52.21 ஆயிற்று. அவ்வாண்டில் தமிழகத்தின் அளவு 62.66. இந்திய அரசின் நிதியுதவியோடு யுனெஸ்கோ 1998-இல் அவர் பெயரால் உலக எழுத்தறிவுப் பரிசு ஒன்றை நிறுவியது. குரியன் 2024-இல் மறைந்தார். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. ஏழு வயதுக்கு மேற்பட்ட ஐவரில் ஒருவர் அப்போதும் வெளியே நின்றார். தூசியிலோ பொத்தேரியைச் சூழ்ந்த பழைய ஊர்களிலோ அந்த ஐந்தாமவர் பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்ணாகவே இருப்பார். நடவுப் பாட்டு நூறு அறிந்தவராகவும் அவர் இருத்தல் கூடும்.